9 லட்சம் மிச்சம் பிடித்த கதை

நான் ஒரு அக்கவுன்டன்ட். சின்ன வயதிலேயே, அண்ணாச்சி கடையில் மீதிச் சில்லறையை இரண்டு தடவை எண்ணிப் பார்த்த பிறகுதான் மிட்டாயை வாயில் போடுவேன். அப்பேர்ப்பட்ட அடியேன் 2013-ம் வருஷம் ஒரே நாளில், ஒரே வார்த்தையில், என் முதலாளிக்கு 9 லட்ச ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுத்தேன்.

அந்த மிச்சத்துக்கு ஆன செலவு 38 லட்சம்.

எப்படி என்று சொல்கிறேன். உங்கள் ஆபீசிலும் ஏதாவது கட்டப் போகிறார்கள் என்றால், டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டுப் படியுங்கள்.

சாலிக்கிராமத்தில், ஆற்காடு ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் எங்கள் ஆபீஸ். இரண்டு எடிட்டிங் அறை, ஒரு டப்பிங் அறை, எப்போதும் ரிப்பேரில் இருக்கும் ஒரு காபி மெஷின். ஷூட்டிங் முடிந்து பூசணிக்காய் உடைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகுதான் எங்கள் மாதிரி ஆட்களுக்கு வேலை. எடிட்டிங், டப்பிங், எஃபெக்ட்ஸ், ரீ-ரிக்கார்டிங், எல்லாச் சத்தத்தையும் அளவாகக் கலக்கும் மிக்ஸிங், நிறத்தைச் சரிசெய்யும் டி.ஐ. இந்த மொத்தத்துக்கும் போஸ்ட் புரொடக்‌ஷன் என்று பெயர்.

2012-ல் டால்பி அட்மாஸ் வந்து தலைக்கு மேலேயும் ஸ்பீக்கர் வைக்க ஆரம்பித்தார்கள். ஃபிலிம் போய் எல்லாம் டிஜிட்டல் ஆகிக்கொண்டிருந்தது. முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது.

"யோவ் கணக்கு (அதுதான் ஆபீசில் என் பெயர்), எடிட்டிங்குக்கு இங்க, மிக்ஸிங்குக்கு வேற இடம், டி.ஐ.க்கு இன்னொரு இடம்னு டைரக்டருங்க ஆட்டோல அலையறாங்க. எல்லாத்தையும் ஒரே கூரைக்குக் கீழ கொண்டாந்துடலாம்யா."

பக்கத்துத் தெருவில் ஒரு பழைய பிரின்டிங் பிரஸ் கட்டடம் விலைக்கு வந்தது. கையிலிருந்த பணம் அதற்குச் சரியாகப் போயிற்று. உள்ளே அறைகள் கட்டுவதற்கு, விருகம்பாக்கத்தில் குடியிருந்த சொந்த வீட்டை பாங்க்கில் வைத்து ஒரு கோடி கடன் வாங்கினார். வட்டி 13 சதவிகிதம். மாதம் 1,08,333 ரூபாய். ஒரு நாளைக்கு 3,611. ஞாயிற்றுக்கிழமைக்கும் உண்டு.

அப்போதுதான் யாரோ சொல்லி, ஒரு அம்மாள் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். காட்டன் புடவை, காலில் ஷூ, கையில் ஒரு டேப். ஸ்டூடியோக்கள் கட்டுவதை மட்டுமே மேற்பார்வை செய்கிற புராஜெக்ட் மேனேஜராம். இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தன் ஃபீஸ் 9 லட்சம் என்றார்.

அவர் படியிறங்கியதும் முதலாளி என்னைப் பார்த்தார். நான் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னேன்.

"தண்டம்."

"ஏன்யா?"

"செங்கல் தூக்கப் போறாங்களா? ஒயரிங் பண்ணப் போறாங்களா? நம்ம மேஸ்திரி இருக்கார், ஏ.சி.க்காரர் இருக்கார். கூட நின்னு வேலை வாங்கறதுக்கு 9 லட்சமா சார்? அதை நானும் உங்க மச்சானும் பார்த்துக்க மாட்டோமா?"

முதலாளி மகிழ்ந்து எனக்கு ஒரு ஃபில்டர் காபி வரவழைத்தார். ஆயுசிலேயே காஸ்ட்லியான காபி அதுதான்.

* * *

எங்கள் மேஸ்திரி கெட்டிக்காரர். மூன்று கல்யாண மண்டபம் கட்டியவர். ஏ.சி.க்காரர், எலெக்ட்ரீஷியன், இன்டீரியர் டெக்கரேட்டர் யாருமே சோடை இல்லை. அதை இப்போதும் சொல்வேன்.

மேஸ்திரி உள்ளே பார்த்தார். கூரை இருபது அடி உயரத்தில் இருந்தது. "இவ்ளோ ஹைட் வேஸ்ட்டா போவுது சார், நடுவுல ஒரு தளம் போட்டா மேல ஆபீஸ் ரூம் கிடைக்கும்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. மிச்சம்! பத்தடியில் தளம் போட்டோம். அதன் மேல் முதலாளி ரூம். வாஸ்துப்படி அவருக்குத் தனி பாத்ரூம்.

பிறகு ஏ.சி.க்காரர் வந்தார். அவருடைய குழாய் போக இரண்டடி வேண்டும் என்றார். பத்தடியில் இரண்டடி போனால், அட்மாஸ் ஸ்பீக்கரை நம் தலையில்தான் மாட்ட வேண்டும். "சின்ன குழாயா போடுப்பா" என்று உத்தரவிட்டேன். போட்டார்.

எலெக்ட்ரீஷியனும் கேட்டார்: "ஜெனரேட்டரை எங்க சார் வெக்கறது?" மின்வெட்டு பிராணனை வாங்கிய காலம். கேபிள் நீளம் குறைந்தால் காசு மிச்சம். மிக்ஸிங் அறையின் பின்சுவரை ஒட்டி வைக்கச் சொன்னேன். வைத்தார்.

டெக்கரேட்டர் சுவர் முழுக்க ஃபோம் ஒட்டினார். டி.ஐ. அறைக்கு, 'மங்களகரமாக' இருக்கட்டும் என்று மாம்பழ மஞ்சள் பெயின்ட்.

கேட்ட எல்லோருக்கும் பதில் சொன்னேன். கேட்டதை எல்லோரும் செய்தார்கள். ஏழு மாசம். செப்டம்பரில் பூஜை போட்டு, ஒரு புது டைரக்டரின் முதல் படத்தை மிக்ஸிங்குக்கு ஏற்றினோம்.

அம்மா சாகும் சீன். மகன் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சே கேட்காத குரலில் கடைசி வார்த்தை சொல்கிறாள். அறையில் எல்லோரும் கண்ணைத் துடைக்கத் தயாராக இருந்தோம். ஏ.சி. 'உஸ்ஸ்ஸ்' என்றது. கரன்ட் போயிற்று. சுவருக்குப் பின்னால் ஜெனரேட்டர் 'கும்ம்ம்' என்று கிளம்ப, தரை அதிர்ந்து, அந்த அதிர்வு எங்கள் நாற்காலி வழியாக ஏறியது. பக்கத்து டப்பிங் அறையிலிருந்து வில்லன் "டேய்!" என்று கத்தினான். அது வேறு படத்து வில்லன். எல்லாம் ஓய்ந்து அவள் வாயைத் திறந்த வினாடி, மேலே முதலாளி பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டார். குழாய் எங்கள் சுவருக்குள்தான் இறங்குகிறது.

டைரக்டர் மெதுவாகத் திரும்பினார்.

"சார்... அம்மா சாகறப்போ யார் சார் தண்ணி ஊத்தறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அன்று மாலையே ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மஞ்சள் அறையின் லீலை அடுத்த வாரம். மஞ்சள் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் அதற்குப் பழகி, திரையில் இருக்கும் நிறத்தைத் தப்பாகப் படிக்கிறது. எங்கள் ஆள் திருத்தித் திருத்தி அனுப்பிய பாட்டு சீனில், தியேட்டரில் ஹீரோயின் மஞ்சள் காமாலை வந்தவர் மாதிரி மஞ்சள் பூத்து ஆடினார்.

அக்டோபரில் பார்ட்டி யாரும் வரவில்லை. 3,611 மட்டும் தவறாமல் தினமும் வந்தது. இரண்டு மாசச் சம்பளம் தள்ளிப்போயிற்று. புது ஸ்டூடியோவை நம்பிக் கல்யாணத் தேதி குறித்திருந்த எங்கள் ரிக்கார்டிஸ்ட் தம்பி, ஐதராபாத்தில் வேலை பார்த்துக்கொண்டு கிளம்பினான். என் டேபிளுக்கு வந்து "வரேண்ணே" என்றான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

* * *

"இந்தத் தடவை ஆளைப் போட்டுத்தான் பண்றோம். நீயே தேடு" என்றார் முதலாளி. அதுதான் எனக்குத் தண்டனை என்று அவருக்குத் தெரியுமா என்று தெரியவில்லை.

மூன்று பேரை வரவழைத்தேன்.

முதல் ஆள் ஐ.டி. கம்பெனிகளுக்குக் கட்டடம் கட்டியவர். டை, லேப்டாப், கலர் கலராகப் படம். பெரிய பெரிய வேலை பார்த்தவர்தான். "மிக்ஸிங் ரூமுக்கு எத்தனை ஜன்னல் வேணும்?" என்று கேட்டார். காபி கொடுத்து அனுப்பினோம்.

இரண்டாமவர் சவுண்ட் இன்ஜினீயர். காது தங்கம். ஒரு தட்டு தட்டினால் அறையின் ஜாதகத்தையே சொல்வார். "தச்சர் நாலு நாள் வரலேன்னா என்ன சார் பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "வர்ற வரைக்கும் வெயிட் பண்ணுவேன். அவசரப்பட்டா குவாலிட்டி போயிடும்" என்றார். என் மனசு 3,611-ஐ நாலால் பெருக்கியது.

மூன்றாவது, அதே அம்மாள்.

என்னைப் பார்த்ததும், "நீங்கதானே போன தடவை 'யோசிச்சு சொல்றோம்'னு சொன்னவர்?" என்றார்.

"ஆமாம் மேடம். யோசிச்சு முடிச்சுட்டோம்."

"இப்ப ஃபீஸ் 11 லட்சம்."

"9-தானே மேடம் சொன்னீங்க?"

"அது கட்டறதுக்கு. இது இடிக்கறதுக்கும் சேர்த்து."

மற்ற இரண்டு பேரும் எங்கள் கேள்விக்குப் பதில் சொன்னார்கள். இவர் எங்களைக் கேட்டார். மாடியில் யார், எத்தனை மணிக்கு வருவார்? பக்கத்து ஃப்ளாட்டில் லிஃப்ட் எந்தச் சுவரில்? தண்ணீர் மோட்டார் எப்போது ஓடும்? பெரிய மழையில் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை ஏறியது? அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நேராகத் தெருமுனை டீக்கடைக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தார்.

பிறகு, "இன்னிக்கு ராத்திரி 11 மணிக்கு எல்லாரும் இங்க வாங்க" என்றார்.

போனோம். விளக்கு, ஏ.சி. எல்லாவற்றையும் அணைத்தார். மிக்ஸிங் அறையில் இருட்டில் பத்து நிமிஷம் பேசாமல் உட்காரச் சொன்னார். எனக்கு ஏதோ தியான வகுப்பு மாதிரி இருந்தது. மூன்றாவது நிமிஷம்தான் காது திறந்தது. பக்கத்து லிஃப்டின் 'டொக்'. தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மரின் 'ம்ம்ம்'. ஆற்காடு ரோட்டில் லாரி. எங்கோ ஃபிரிட்ஜ். முதலாளியின் மச்சானுடைய மூக்கு.

விளக்கைப் போட்டதும் ஆளுக்கொரு காகிதம் கொடுத்து, கேட்டதையெல்லாம் எழுதச் சொன்னார். நான் ஒன்பது எழுதினேன். அவர் எழுதியது பதினேழு.

"இந்த லிஸ்ட்தான் சார் நம்ம பிளான்" என்றார்.

அடுத்து அவரிடம் வேலை வாங்கிய இரண்டு பார்ட்டிகளுக்கு போன் போட்டேன். 'வேலை எப்படி?' என்று கேட்டால் எல்லோரும் 'நல்லா இருக்கு' என்பார்கள். அதனால், "என்ன தப்பாச்சு? அதை எப்ப உங்ககிட்ட சொன்னாங்க?" என்று கேட்டேன். ஒருவர், "தப்பு நடந்துச்சு சார். கதவு அளவு மாறிப்போச்சு. நாங்க கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி அவங்களே வந்து சொல்லிட்டாங்க" என்றார். ஆளைத் தேர்ந்தெடுக்க எனக்கு அந்த ஒரு பதில் போதுமாக இருந்தது.

* * *

அக்ரிமென்டில் அம்மாள் நாலு விஷயம் எழுதச் சொன்னார். அக்கவுன்டன்டுகள் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று, ஃபீஸ் மொத்தமாக ஒரே தொகை. செலவில் இத்தனை சதவிகிதம் என்று வைத்தால், செலவு ஏற ஏற மேனேஜருக்கு லாபம். அந்த ஆசையே வேண்டாம் என்றார்.

இரண்டு, யாரிடமும் கமிஷன் வாங்க மாட்டேன், உங்கள் ஆபீசிலும் யாரும் வாங்கக் கூடாது. (இந்த இடத்தில் மச்சானுக்குப் புரை ஏறியது.)

மூன்று, வரைபடத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு எதை மாற்றினாலும், அதற்கு எத்தனை ரூபாய், எத்தனை நாள் என்று எழுதி முதலாளி கையெழுத்துப் போட வேண்டும்.

நான்கு, அலங்கார வேலைக்கு முன்னால், வெறும் சுவராக இருக்கும்போதே சத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். தேறாவிட்டால் அந்தக் கட்டத்துக்குப் பணம் கிடையாது.

கடைசியாக, பத்தடித் தளத்தை இடிக்கச் சொன்னார். எனக்கு ரத்தக் கண்ணீர். மேஸ்திரிக்கு அதைவிட.

"நான் போட்டது இடியாது மேடம், ஸ்ட்ராங்கா போட்டிருக்கேன்!"

"தெரியும் மேஸ்திரி. அதனாலதான் நீங்களே இடிக்கணும்ங்கறேன். வேற ஆளால முடியாது."

மேஸ்திரி மீசையைத் தடவிக்கொண்டே இடித்தார்.

சத்த விஷயத்தில் என் கணக்கு அறிவு தோற்ற இடம் ஒன்று உண்டு. ஃபோம் ஒட்டினால் அறைக்குள் எதிரொலி குறையும். ஆனால் வெளிச்சத்தம் உள்ளே வருவதை அது தடுக்காது. கொசுவலையைக் கட்டிவிட்டு மழையில் நனையமாட்டேன் என்பது போலத்தான். சத்தத்தைத் தடுக்கக் கனம் வேண்டும், ஒட்டாத இடைவெளி வேண்டும், ஓட்டை இருக்கக் கூடாது. எனவே அறைக்குள் இன்னொரு அறை. ரப்பர் துண்டுகள் மேல் மிதக்கிற தரை. அதன் மேலேயே உள்சுவர். உள்ளறை எங்கேயும் வெளியறையைத் தொடக் கூடாது.

ஒயர் போக ஒரு துவாரத்தை அடைக்காமல் விட்டிருந்தார்கள். "இத்தனை பெரிய சுவர்ல இது என்ன மேடம், நூத்துல ஒரு பங்குகூட இருக்காதே" என்றேன்.

"50 டெசிபல் தடுக்கற சுவர்ல நூத்துல ஒரு பங்கு ஓட்டை இருந்தா, மொத்தமா சேர்ந்து 20 டெசிபல்தான் சார் தடுக்கும்."

நூற்றில் ஒன்று போனால் 99 மிச்சம் என்பதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. அன்றைக்கு நானே புட்டியும் கையுமாக நின்று அந்த ஓட்டையை அடைக்க வைத்தேன்.

ஏ.சி.க்குப் பெரிய குழாய் வந்தது. காற்று மெதுவாக வந்தால் சத்தம் போடாது. ஜெனரேட்டர் ஸ்பிரிங் மேல் ஏறி, கட்டடத்தின் கோடிக்குப் போயிற்று. மஞ்சள் அறை சாம்பல் ஆயிற்று. முதலாளியின் பாத்ரூம் மறுபக்கம் போயிற்று. அதற்குத்தான் பெரிய போராட்டம். மிக்ஸிங் அறை வாசல் கிழக்கே இருக்க வேண்டும் என்று வாஸ்துக்காரர் வேறு பிடிவாதம் பிடித்தார். கிழக்கே தெரு, ஆட்டோ ஸ்டாண்டு. அம்மாள் சண்டை போடவில்லை. கிழக்கே ஒரு கதவு, நாலடி தள்ளி உள்ளே இன்னொரு கனத்த கதவு. நடுவே சின்ன அறை. "சத்தத்துக்கும் ரெண்டு கதவு வேணும், சாமிக்கும் கிழக்கு வேணும். ரெண்டு பேரும் திருப்திதானே?" என்றார்.

எத்தனையோ நாள் அவரையே கவனித்துக்கொண்டிருந்தேன். அவர் செங்கல் தூக்கவில்லை. ஒயரிங் பண்ணவில்லை. நான் அன்று சொன்னது சரிதான். ஆனால் ஏ.சி.க்காரர் குழாய் எடுத்து வரும் நாளுக்கு முன்பே, தச்சர் கூரைச் சட்டத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எங்கள் முதல் ஸ்டூடியோவில் மேஸ்திரி தப்புப் பண்ணவில்லை, ஏ.சி.க்காரரும் பண்ணவில்லை. மேஸ்திரி வேலை முடிந்து ஏ.சி.க்காரர் வேலை தொடங்கும் அந்த நடு இடத்துக்குத்தான் ஆள் இல்லை. அங்கே நான் நின்றேன், கால்குலேட்டரோடு.

இதற்கெல்லாம் பணம்? முதலாளி மனைவியின் நகை பாங்க்குக்குப் போயிற்று. புரை ஏறிய அதே மச்சான், குன்றத்தூரில் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்று முன்னால் வந்து நின்றார். அன்றிலிருந்து அவரைப் பற்றி நான் ஜோக் அடிப்பதில்லை. (மேலே அடித்தது பழைய கணக்கு.)

* * *

2014 ஜூன். ராத்திரி 11 மணி. அதே இருட்டு, அதே பத்து நிமிஷம்.

லிஃப்ட் இல்லை. லாரி இல்லை. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் காதுக்கு இல்லை. அப்படி ஒரு அமைதியை நான் அதுவரை கேட்டதில்லை. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. ஐந்தாவது நிமிஷம் இருட்டிலிருந்து அம்மாளின் குரல்:

"கணக்கு சார், உங்க வாட்ச்சைக் கழட்டி வெளிய வெச்சுட்டு வாங்க. டிக் டிக்னு கேக்குது."

விளக்கு வந்தபோது முதலாளி கர்ச்சீஃப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏ.சி. அறையில் என்ன வியர்வை என்று யாரும் கேட்கவில்லை.

எல்லோரும் போன பிறகு அவரிடம் சொன்னேன். "சார், அன்னிக்கு 'தண்டம்'னு சொன்னது நான். மன்னிச்சுக்கணும்." எட்டு மாசமாகத் தொண்டையில் இருந்தது.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நீ சொன்னேன்னு நான் கேட்டேனா? எனக்கே அந்த 9 லட்சம் குடுக்க மனசு வரலய்யா. யாராவது ஒருத்தன் வேணாம்னு சொல்ல மாட்டானான்னு பார்த்தேன். நீ சொன்னே. அவ்வளவுதான்."

அந்த வருஷக் கடைசியிலிருந்து பார்ட்டிகள் வர ஆரம்பித்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். ஸ்டூடியோவுக்குள்ளும் வந்தது. ஆனால் படங்கள் இருந்த சர்வர், யு.பி.எஸ். எல்லாம் மேல்தளத்தில் பத்திரமாக இருந்தன. டீக்கடைக்காரர் சொன்ன மட்டத்தை அம்மாள் வரைபடத்தில் கோடு போட்டுக் குறித்து வைத்திருந்தார். முதலாளி விருகம்பாக்கம் வீட்டை 2019-ல் மீட்டார். ரிக்கார்டிஸ்ட் தம்பி மட்டும் திரும்பி வரவில்லை. ஐதராபாத்திலேயே கல்யாணம், குழந்தைகள். பொங்கலுக்கு போன் பண்ணுவான். அந்த இரண்டு மாசச் சம்பளத்தை எப்போதோ அனுப்பிவிட்டோம். இருந்தாலும் அவன் நம்பரைப் பார்த்தால் இன்னும் ஒரு வினாடி தயங்கித்தான் எடுக்கிறேன்.

இப்போது நானே பூந்தமல்லி பக்கம் ஒரு சின்ன வீடு கட்டப் போகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பேச்சு வந்தது.

"இன்ஜினீயருக்கு எதுக்குங்க தனியா பணம்? எங்க அண்ணன் சும்மாதானே இருக்கார், கூட நின்னு பார்த்துக்க மாட்டாரா?" என்றாள் என் மனைவி.

நான் பதில் பேசவில்லை. வாட்ச்சைக் கழட்டி மேஜை மேல் வைத்தேன்.